காருக்கு “உதடு” மாட்டும் வாலிபர்கள்! வேகத்தடையில் உரசி உடைகிறது, சட்டத்திலும் சிக்கல்

திருச்சி:-

உதட்டுச் சாயம் கேள்விப்பட்டதுண்டு. காருக்கு உதடு கேள்விப்பட்டதுண்டா?

தில்லைநகர் மெயின் ரோட்டில் சாயங்கால நேரம் அரை மணி நேரம் நின்றால் போதும். மூக்குக்குக் கீழே கருப்பாக ஒரு பட்டை துருத்திக்கொண்டு, தரையை முத்தமிடுகிற மாதிரி வரும் கார்களைப் பார்க்கலாம். அதுதான் “பிரண்ட் லிப்”. கார் வாங்கும்போது கம்பெனி கொடுப்பது அல்ல. பிறகு தனியாக வாங்கி மாட்டுவது.

நிஜ ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் திருச்சியில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஸ்விப்ட், போலோ போன்ற சாதாரண கார்களை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கிப் பார்க்கும் ஆசை மட்டும் வாலிபர்களை விடுவதாக இல்லை. மாதத் தவணை கட்டி வாங்கிய காருக்கு, மேற்கொண்டு சில ஆயிரம் செலவழித்து உதடு வாங்குகிறார்கள்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பந்தயத்தில் பிறந்த சாமான்

கார் வேகமாகப் போகும்போது அடியில் புகும் காற்று முன்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். முன் சக்கரங்கள் லேசாகிவிட்டால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது. காற்று அடியில் புகாமல் தடுப்பதுதான் இந்தப் பட்டையின் வேலை. 1972 மாடல் போர்ஷே 911 எஸ் காரில் கம்பெனியே இதை மாட்டி அனுப்பியது.

1973-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி “2002 டர்போ” என்ற காரை வெளியிட்டது. அதன் முன்பட்டையில் டர்போ என்ற எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி எழுதிக் காட்டினார்கள். முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்துப் பயந்து வழி விடவேண்டுமாம்! அதே வருடம்தான் உலகம் முழுவதும் பெட்ரோல் பஞ்சம் வந்தது. ஜம்பம் எடுபடவில்லை. மொத்தம் 1,672 கார்களோடு கடையைக் கட்டினார்கள்.

சரி, திருச்சிக்கு வருவோம். காற்றின் பலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கு ஆனால் பலம் நான்கு மடங்கு ஆகும். 160 கிலோ மீட்டர் வேகத்தில் இருக்கும் பலம், 40 கிலோ மீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். சாலை ரோட்டிலும் சத்திரம் பஸ் நிலையத்தைச் சுற்றியும் 40-ல் போக முடிந்தாலே புண்ணியம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் இருந்து பந்தயத் தடம் இருக்கிறது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடுரோட்டிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. அங்கெல்லாம் இந்த உதட்டுக்கு வேலை உண்டு. மாம்பழச்சாலை சிக்னலில் என்ன வேலை?

எப்படி மாட்டுகிறார்கள்?

பிளாஸ்டிக், பைபர், ரப்பர் மாதிரி வளையும் யூரித்தேன் என்று பல ரகம். காசு உள்ளவர்களுக்குக் கார்பன் பைபர். அதிகம் போவது எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று மூன்று துண்டாக வரும் பட்டைதான். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்றாலே எந்தக் காருக்கும் சரியாகப் பொருந்தாது என்று அர்த்தம்!

ஒழுங்காகச் செய்கிறவர்கள் காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பம்பரின் அடியில் கம்பெனி போட்ட போல்ட்டுகளைக் கழற்றி, அதே துவாரங்களில் பட்டையைச் சேர்த்து முடுக்குகிறார்கள். மற்றவர்கள் டிரில் எடுத்துப் பம்பரில் வரிசையாக ஓட்டை போடுகிறார்கள். இன்னும் அவசரக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். பம்பரின் பெயின்ட் அடித்த பக்கம் டேப் ஓரளவு பிடிக்கும். அடிப்பக்கம் வெறும் பிளாஸ்டிக். தூசும் எண்ணெயும் வேறு. பங்குனி வெயிலில் நாலு நாள் நின்றால் டேப் இளகிவிடும்.

பாலமும் வேகத்தடையும்

ஸ்விப்ட் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 163 மில்லி மீட்டர். ஒரு சாண் கூட இல்லை. பம்பரின் நுனி அதைவிடச் சற்று உயரம். அந்த உயரத்தில் இரண்டு விரற்கடையைப் பட்டை தின்றுவிடுகிறது.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டி மீட்டர். அப்படி இருந்தால் உதடு வைத்த கார் கூட மெதுவாக ஏறி இறங்கிவிடும். ஆனால் தெருவுக்குத் தெரு இருக்கும் தடைகள் அந்த அளவிலா இருக்கின்றன? ஒரு முழ அகலத்தில் சுவர் எழுப்பிய மாதிரி நிற்கின்றன. கடைசி நேரத்தில் பார்த்து பிரேக் போட்டால் காரின் மூக்கு இன்னும் குனியும். “கர்ர்ர்” என்ற சத்தம். அத்தோடு உதடு கிழிந்தது.

திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரி பாலம் 1976-ல் திறக்கப்பட்டது. நீளம் 541 மீட்டர். அதன் இணைப்புகள் விரிந்து, வண்டிகளைக் குலுக்கி எடுத்த கதை ஊருக்கே தெரியும். 2022 நவம்பரில் பாலத்தை மூடி வேலை பார்த்து, 2023 மார்ச்சில்தான் மறுபடி திறந்தார்கள். பாலத்தைச் சரி செய்தால் போதுமா? இறங்கியதும் பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் மூடி ஒரு பக்கம் உயர்ந்தும் ரோடு ஒரு பக்கம் தாழ்ந்தும் கிடந்தால், உதடு வைத்தவருக்கு அம்மா மண்டபம் ரோட்டை எட்டுவதற்குள் வியர்த்துவிடும்.

செலவு வாலிபருடையது, உரசினால் அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. டேப் விட்ட பட்டை பைபாஸில் பிய்த்துக்கொண்டு விழுந்தால் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் கதி? இப்போதைய பம்பர்கள் நடந்து போகிறவரின் காலில் பட்டால் வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டவை. உடைந்த பைபர் வளையாது. அரிவாள் மாதிரி நிற்கும். ராஜகோபுரத்தைச் சுற்றிக் காரும் ஜனமும் ஒன்றாகத்தான் போகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் குழப்பம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தம் தண்டனையையும் கூட்டியது. அனுமதி இல்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். பிடிபடுவது கார்க்காரர்தான். இந்தப் பிரிவில் மாட்டிக் கொடுத்த மெக்கானிக் பெயர் இல்லை.

ஆனால் அதே 52-வது பிரிவு, “மாற்றம்” என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அமைப்பை மாற்றுவது என்றும் விளக்குகிறது. ஒரு பிளாஸ்டிக் பட்டையால் என்ஜின் மாறுமா, சீட் கணக்கு மாறுமா என்று கேட்டால், கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அப்படியே விட்டுவிடவும் முடியாது. முன்பக்கம் இரும்புக் குழாய் மாட்டும் “புல் பார்” கூட ஆர்.சி. புக்கில் இல்லாததுதான். ஆனாலும் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், அது 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இரும்புக்குச் சொன்னது பிளாஸ்டிக்குக்கும் பொருந்துமா என்று பட்டையின் பெயரைச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத வரை, ரோட்டில் மடக்கும் அதிகாரியின் பார்வைதான் தீர்ப்பு. டி.என். 45 ஆனாலும், ஸ்ரீரங்கத்து 48 ஆனாலும், 81 ஆனாலும் கதை ஒன்றுதான்.

இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் பேஜார். வெளியில் வாங்கி மாட்டிய சாமானை பாலிசியில் எழுதி, அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் உடைந்தால் பணம் கேட்க முடியும். பம்பரில் ஓட்டை போட்டிருந்தால் கம்பெனி வாரண்டியிலும் தகராறு வரும். சாமான் வாங்கும் அவசரத்தில் இதை எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்?

ஏற்கனவே மாட்டியவர்கள் ஒரு காரியம் செய்யலாம். காலையில் வண்டி எடுக்கும் முன் குனிந்து, பட்டையின் இரண்டு முனைகளையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் அன்றைக்கு பைபாஸ் பக்கம் போகக் கூடாது. நடுவில் விரிசல் இருந்தால் கழற்றிவிட்டு, பழைய போல்ட்டுகளை அதே துவாரத்தில் திரும்பப் போட்டுவிடலாம். அந்த போல்ட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தால்!