பாலாற்று மணலில் ஓடுதா உங்க கார்? செட்டை மாற்றும் முன் இதைப் பாருங்க!

ஆற்காட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் ஏறி ராணிப்பேட்டைக்குப் போகிறது கார். டேஷ்போர்டு திரையில் இருக்கும் அம்புக்குறியோ பாலத்தை விட்டு விலகி ஆற்று மணலில் ஓடுகிறது. பகலில் பார்த்தால் சிரிப்பு வரும். ராத்திரியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு வேலூர் சி.எம்.சி-க்கு வழி தேடும் வெளியூர்க்காரருக்குச் சிரிப்பு வராது.

இதற்காக மொத்த செட்டையும் மாற்ற வேண்டியதில்லை. கம்பெனியே பொருத்திய நேவிகேஷன் பலவற்றில் மெக்கானிக்குகளுக்கென்று டயக்னாஸ்டிக் மோடு ஒன்று ஒளிந்திருக்கிறது. பழைய ஹோண்டா கார்கள் சிலவற்றில் மேப், மெனு, கேன்சல் மூன்றையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்தினால் திறக்கும். மற்ற கார்களில் வழி வேறு. சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் வண்டியை ஓரம்கட்டிவிட்டுத்தான்!

முதலில் ஜி.பி.எஸ் பக்கம். இடத்தைச் சரியாகக் கணக்கிட 4 சாட்டிலைட்டாவது சிக்க வேண்டும். வெட்டவெளியிலும் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்றால் ஆன்டெனா ஒயர் மீது சந்தேகப்படலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய காரா? கொஞ்சம் பொறுமை வேண்டும். சாட்டிலைட்களின் முழு அட்டவணையை வானிலிருந்து இறக்கவே 12.5 நிமிடம் ஆகும். ஷெட்டை விட்டு வெளியே எடுத்து, அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்த பிறகு கவலைப்படலாம்.

தேதியையும் பாருங்கள். ஜி.பி.எஸ் வாரங்களை எண்ணித்தான் தேதி சொல்கிறது. 1024 வாரம் முடிந்ததும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். கடைசியாக அப்படி ஆனது 2019 ஏப்ரலில். இந்த வாரக் கணக்கில் குழம்பித்தான் 2022 ஜனவரியில் பல நாடுகளில் பழைய ஹோண்டா கார்களின் கடிகாரம் 2002-க்குத் தாவியது. ஒயரில் பழுது எதுவுமில்லை, சாஃப்ட்வேர்தான் காரணம்.

சாட்டிலைட் சரி, ஆனாலும் அம்பு தடுமாறுகிறதா? வேக சிக்னலும் ரிவர்ஸ் சிக்னலும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ரிவர்ஸ் சிக்னல் 'ஆன்' ஆகவே மாட்டிக்கொண்டால், முன்னே போகும் காரைத் திரை பின்னால் ஓட்டும். டயர் சைஸ் மாற்றியிருந்தால் தூரக் கணக்கு தப்பும்.

எல்லாம் சரியாக இருந்தும் புது பைபாஸில் மட்டும் அம்பு வயலுக்குள் இறங்கினால், மேப் பழசு. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வழியாகக் கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலைக்கு இப்போது எண் 48. திரை இன்னமும் 46 என்று காட்டினால் மேப்பைத்தான் அப்டேட் செய்ய வேண்டும்.

கடைசியாக, எந்த அமைப்பையும் தொடும் முன் திரையை மொபைலில் போட்டோ எடுத்துவிடுங்கள். 'ரீசெட்', 'இனிஷியலைஸ்' பக்கம் மட்டும் கை போக வேண்டாம். அதை மெக்கானிக் பார்த்துக்கொள்ளட்டும்.