விளையாடிய வைத்தியர்

திருச்சிராப்பள்ளி தில்லைநகரின் குறுக்குத் தெருக்களில் மாலை வேளையில் நடந்து செல்கிறவர்களுக்கு இரண்டு வகைப் பலகைகள் தவறாமல் கண்ணில் படும். ஒன்று மூட்டு வலிக்குச் சிகிச்சை செய்வதாக அறிவிப்பது. மற்றொன்று நீட் தேர்வுக்குப் பயிற்சி தருவதாக அறிவிப்பது. முதற் பலகையின் கீழே ஸ்ரீரங்கத்திலிருந்தும் லால்குடியிலிருந்தும் வந்த வயோதிகர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, இரண்டாம் பலகையின் கீழே, பந்தைத் தொட்டே வெகுகாலமான பிள்ளைகள் புத்தக மூட்டையோடு படியேறுகிறார்கள். பின்னவர்களில் சிலர்தாம் நாளைக்கு முன்னவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள். ஓடி, விழுந்து, எழுந்து பழகிய அனுபவமே இல்லாமல் அவர்கள் அந்த ஸ்தானத்துக்கு வரப்போகிறார்கள் என்பதே என் விசாரம்.

விளையாட்டும் வைத்தியப் படிப்பும் ஒரே சரீரத்தில் குடியிருக்க மாட்டா என்பது நம் குடும்பங்களில் சுருதி வாக்கியம்போல் நிலைபெற்றுவிட்டது. இதற்கு மாறான திருஷ்டாந்தத்தை நான் ரக்பி ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பிரிஸ்டல் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்ற ஜோனதன் வெப், 1987 முதல் 1993 வரை இங்கிலாந்துக்காக 33 சர்வதேசப் பந்தயங்கள் ஆடினார். 1991 உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 12-6 என்று தோற்றபோது, அந்த ஆறு புள்ளிகளையும் உதைத்துச் சேர்த்தவர் அவரே. பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு முழங்கால் அறுவைச் சிகிச்சை நிபுணராகப் பிரிஸ்டலிலேயே பெயர் பெற்றார். ரக்பி நமக்குச் சம்பந்தமில்லாத அந்நிய ஆட்டம் என்று யாரேனும் ஆக்ஷேபித்தால், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷந்தோறும் போட்டியிடும் கல்கத்தாக் கோப்பை, 1878-இல் கலைக்கப்பட்ட ஒரு கல்கத்தா கிளப்பின் கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது என்பதை அவருக்கு நினைவூட்டலாம். அதன் கைப்பிடிகள் மூன்று நாகங்கள். மூடியின்மேல் ஒரு யானை. அந்த ரூபாய்களில் எத்தனை நம் குடியானவன் கட்டிய கிஸ்தியோ!

ஆயினும் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தவர் வெப்புக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த, வேல்ஸ் தேசத்து ஜே.பி.ஆர். வில்லியம்ஸ். 55 முறை தம் நாட்டுக்காக ஆடிய அவர் எலும்புச் சிகிச்சை டாக்டர். பாதி வாழ்நாளை எலும்பு முறிப்பதிலும் மறுபாதியை அதை ஒட்டவைப்பதிலும் கழித்ததாகத் தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். 1978 டிசம்பரில், பிரிட்ஜெண்ட் என்ற அவருடைய சொந்த ஊரில் நியூஸிலாந்து அணியோடு நடந்த ஆட்டத்தில், கீழே கிடந்த அவர் முகத்தை எதிரணி வீரர் ஒருவரின் குமிழ் வைத்த பூட்ஸ் மிதித்துக் கன்னத்தைக் கிழித்துவிட்டது. அவரை வெளியே அழைத்துப்போய்த் தைத்தவர், தாமும் ஒரு டாக்டரான அவருடைய தகப்பனார். ஏறக்குறைய முப்பது தையல்களோடு பிள்ளை மறுபடியும் களத்துக்குத் திரும்பினார். இதை வீரமென்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை; நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்தால் கையைப் பிடித்து இழுத்து வருவோம். ஆனால் அதே மாதத்தில், ரக்பி ஆட்டக்காரர்களின் கழுத்துத் தண்டெலும்பு முறிவதைப் பற்றி, மற்றொரு டாக்டரோடு சேர்ந்து வில்லியம்ஸ் எழுதிய கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. மைதானத்தை எட்டிப் பாராத ஒருவர் அதை எழுதியிருந்தால், கோழையின் புலம்பல் என்று ஆட்டக்காரர்கள் ஒதுக்கித் தள்ளியிருக்கக்கூடும். கன்னத்தில் தையலோடு நிற்கிறவன் சொல்லும்போது அவ்விதம் தள்ளுவது எளிதன்று. 2024 ஜனவரியில் தமது 74-ஆம் வயதில் அவர் காலமானார்.

நம் ஜில்லாவில் ரக்பிக்கு நெருங்கிய உறவு கபடிதான். பாடிப் போனவனுடைய கணுக்காலை எதிராளி பற்றிய கணத்தில், அவன் ஊன்றிய காலின்மேல் உடம்பைத் திருப்பி நடுக்கோட்டை நோக்கித் தாவுகிறான். பாதம் மண்ணிலேயே நிற்க, தொடையெலும்பு மாத்திரம் திரும்பிவிடுகிறது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி பூசணிக்காயாக வீங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாயிருக்கிறது என்று கேட்டதும் வீட்டார் சமாதானமடைந்து எண்ணெய்க் கட்டுப் போட்டு விடுகிறார்கள். டாக்டர்கள் ஏ.சி.எல். என்றும் ஊரார் ஜவ்வு என்றும் சொல்லும் பொருள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. அறுந்தால் பெரும்பாலும் தானாகக் கூடுவதுமில்லை, ஏனெனில் மூட்டினுள் ஊறும் திரவத்தில் இரத்தம் உறைந்து நிற்க இடமில்லை. தொடையின் பின்புறத்திலிருந்து தசைநாரை எடுத்து, எலும்புகளில் துளையிட்டுக் கோத்து, அதன் பிறகு ஒன்பது மாதமேனும் பொறுமையாகப் பயிற்சி செய்தாலொழிய மறுபடி களத்தில் இறங்கலாகாது. இப்படிப்பட்ட பையனிடம், 'இனிமேல் ஆடாதே, நடந்தால் போதாதா?' என்று சொல்லி அனுப்புவது சுலபமான வைத்தியம். ஆனால் ரெயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டுக்கென்று ஒதுக்கிய வேலையை நம்பி ஆடுகிறவனுக்கு அந்த முட்டிதான் சர்டிபிகேட். ஒரு தடவையாவது பாடிப் போயிருக்கிற டாக்டருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முழங்காலை ஒரு ஜனசமூகம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறது என்று அறிவது அதற்குச் சிகிச்சை செய்வதில் பாதி. 1918-இல் டோக்கியோவில் கென்ஜி டகாகி என்ற வைத்தியர் முழங்காலுக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்த்ததற்கு, தரையில் மண்டியிட்டு அமரும் ஜப்பானியருக்கு, க்ஷயரோகத்தால் விறைத்துப்போன முட்டி எத்தனை பெரிய கஷ்டம் என்பதை அவர் கண்டிருந்ததும் ஒரு காரணம். ஸ்ரீரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாள், வேடுபறி உற்சவத்தின்போது, மணல்வெளியில் நம்பெருமாளின் தங்கக் குதிரையைத் தோளில் தாங்கி, வையாளி என்று முன்னும் பின்னும் வளைந்து ஓடும் ஸ்ரீபாதம்தாங்கிகளைக் கவனியுங்கள். அத்தனை பேருடைய முட்டிகளும் ஒரே தாளத்தில் மடங்கி நிமிர்கின்றன, ஒருவர் கால் பிசகினாலும் வாகனம் முழுவதும் ஆடும். அவர்களில் ஒருவரிடம் சுமை தூக்கக் கூடாது என்று சொல்வது எப்பேர்ப்பட்ட தீர்ப்பு என்பதைப் புத்தகம் சொல்லித் தராது.

1995-இல் ரக்பி சம்பள ஆட்டமான பிறகு, வெப்பையும் வில்லியம்ஸையும்போல் இரண்டிலும் உச்சிக்குப் போவது மிகவும் துர்லபம் என்பது மெய்தான். நம் நாட்டில் 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் ஆடி, டாக்டராகி, விளையாட்டு வைத்தியத்தில் ஈடுபட்டு, இந்திய ரக்பி சங்கத்துக்குத் தலைமையும் வகித்த வேஸ் பயஸ் (டென்னிஸ் வீரர் லியாண்டரின் தகப்பனார்) 2025-இல் மறைந்தார். அவருக்கு இணையாகச் சொல்ல இன்னொரு பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. நான் கேட்பது ஒலிம்பிக் அன்று. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அண்ணா விளையாட்டரங்கத்துக்கும் இடையே நெடுந்தூரமில்லை. எலும்புச் சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்களை மாதத்தில் இரண்டு மாலைகள் கபடிக் களத்துக்கு அனுப்பி, வேடிக்கை பார்க்க விடாமல் அரைக்கால் சட்டையோடு உள்ளே இறக்கட்டும். வீங்கிய முட்டியை யாரிடம் கொண்டுபோவது என்று பயிற்சியாளர்களுக்கும் அப்போது தெரிந்துபோகும். ஆகும் செலவு ஆட்டோச் சத்தமும் சிறிது அயோடெக்ஸும்தான். டாக்டர்களில் ஓரிருவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு திரும்பினால் அதையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.