மணி அடிச்சா முடியுற சேட்டையா இது? மாணவர்களே, ஒரு நிமிஷம்!

மணிமங்கலம் என்றதும் வரலாறு பாடம் ஞாபகம் வருதா? 7-ம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த ஊர். இன்றைக்கு அதைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபேக்டரிகள்தான். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் தயாரிக்க ஆரம்பித்தது. 2014-ல் அதை மூடிவிட்டார்கள். இப்போது அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களை அசெம்பிள் செய்கிறது. போன் செய்கிற ஊர்ப் பிள்ளைகள் கையில் போன் இல்லாமலா இருக்கும்? ஸ்கூலுக்குக் கொண்டுவரக் கூடாது என்றாலும், யாரோ ஒருத்தர் பைக்குள் சைலன்ட் மோடில் ஒன்று இருக்கத்தான் செய்யும்.

சேட்டை புதுசு இல்லை. முன் பெஞ்ச் பையன் முதுகில் பேப்பர் ஒட்டுவது, சட்டையில் இங்க் தெளிப்பது எல்லாம் நம்ம அண்ணன், அக்கா காலத்திலும் இருந்ததுதான். சாயங்காலம் மணி அடித்தால் கதை முடிந்துவிடும். இப்போது முடிவதில்லை. அதுதான் பிரச்னையே!

யூடியூப் கற்றுக்கொடுத்த 'வெடி'

2024 நவம்பரில் ஹரியானா மாநிலம் பிவானியில் நடந்தது இது. அறிவியல் டீச்சர் திட்டிவிட்டார் என்று, பிளஸ் டூ மாணவர்கள் யூடியூப் பார்த்து வெடி ஒன்றைத் தயாரித்து, அவர் நாற்காலிக்கு அடியில் வைத்து ரிமோட்டில் வெடிக்கவைத்தார்கள். 13 பேர் ஒரு வாரம் சஸ்பெண்ட். யோசித்துப் பாருங்கள்... ரிமோட் சர்க்யூட் செய்யத் தெரிந்த கைகள் அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்க வேண்டியவை இல்லையா?

ஏ.ஐ செய்த விபரீதம்

2023-ல் ஸ்பெயினின் அல்மென்ட்ராலேஜோ என்ற சிறிய ஊரில் நடந்தது இன்னும் மோசம். கூடப் படிக்கும் மாணவிகளின் சாதாரண போட்டோக்களை எடுத்து, ஏ.ஐ ஆப் மூலம் நிர்வாணப் படங்களாக மாற்றி, வாட்ஸ்அப் குரூப்களில் பரப்பினார்கள் சில மாணவர்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் 20 பேருக்கும் மேல். 2024-ல் 15 சிறுவர்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது நீதிமன்றம். 'படம் போலிதானே' என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

இங்கேயும் எடுபடாது. 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபாசமாகக் காட்டும் படத்தைப் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி முதல் தடவையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். செய்தவரும் மைனர் என்றால் விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 'சின்னப் பையன்தானே' என்று கேஸே இல்லாமல் போய்விடாது.

ஷேர் பண்ணுறதுக்கு முன்னாடி...

ரெண்டே கேள்வி கேட்டுக்கோங்க. நீங்கள் கலாய்க்கும் ஆளும் சேர்ந்து சிரிப்பாரா? பத்து வருஷம் கழித்து இதை யாராவது எடுத்துக் காட்டினால் நீங்கள் சிரிப்பீர்களா? ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அது சேட்டை இல்லை, கொடுமை.

உங்கள் குரூப்பில் அப்படி ஒரு படம் வந்தால், ஃபார்வேர்டு செய்யாதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். சைபர் குற்றப் புகாருக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 இருக்கின்றன.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. போனைப் பிடுங்கி பீரோவில் வைத்தால் அன்றைய பிரச்னை தீரும். மறுநாளைக்கு? கேமராவையும் ஏ.ஐ-யையும் எப்படிப் பயன்படுத்தணும்னு வகுப்பிலேயே பேசலாமே!

இங்க் கறை துவைத்தால் போய்விடும். இது போகாது மக்களே!