தவளைக்குக் கணக்கு உண்டா?

மதிப்பிற்குரிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத் தலைவர் அவர்களுக்கு,

விதிகளை எடுத்துச் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அவற்றை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். கேட்க விரும்புவது ஒரே ஓர் ஓடையைப் பற்றி. ஜாதுகுடா மக்கள் மனுவாகவும் ஊர்வலமாகவும் பல ஆண்டுகள் கேட்டுச் சலித்ததை இனி ஊரறியக் கேட்பதுதான் சரி.

2006 டிசம்பர் இறுதியில், ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில், யுரேனிய ஆலையின் கழிவுச் சேற்றைக் குட்டைக்குக் கொண்டுபோகும் குழாய் உடைந்தது. அதைக் கண்டு சொன்னது ஆலையின் எச்சரிக்கைக் கருவி அல்ல, பக்கத்துக் கிராமத்தார். கசிவு நிற்க ஒன்பது மணி நேரம் ஆனதாக அன்றைய செய்திகள் சொல்கின்றன. ஓடையின் மேல் சேறு தடிப்பாகப் படர, மீன்களும் தவளைகளும் செத்தன. அந்தத் தண்ணீர் கடைசியில் சேர்வது சுவர்ணரேகா ஆற்றில். செத்தவற்றைக் கதிர்வீச்சுதான் கொன்றது என்று நான் வாதிடவில்லை. செவுளை அடைக்கச் சேறே போதும்; ஆலை ரசாயனங்களும் அதில் உண்டு. என் கேள்வி, அங்கே மிஞ்சியதைப் பற்றியது. ஜாதுகுடா தாதுவில் யுரேனியம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே தோண்டியதில் ஏறக்குறைய எல்லாமே கழிவுதான். தாதுவின் கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அந்தக் கழிவிலேயே தங்குகிறது. அதிலுள்ள ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். அந்த ரேடியத்தை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கும் தோரியம்-230 பாதியாக ஏறத்தாழ 75,000 ஆண்டுகள். மேலே படிந்த சேறு நாலு மழையில் அடித்துப் போகலாம். வண்டலில் ஒட்டிய ரேடியம் அப்படிப் போய்விடாது. தலைப்பிரட்டை மேய்வதும், நத்தை ஊர்வதும், கோடையில் தவளை புதைந்து கிடப்பதும் அந்த வண்டலில்தான்.

மனிதருக்குப் பாதுகாப்பான அளவு மற்ற உயிர்களுக்கும் பாதுகாப்பானதே என்பது வழக்கமான பதில். கதிரியக்கப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 1990-ல் இப்படித்தான் நம்பியது. 2007-ல் அந்த நம்பிக்கை மட்டும் போதாது என்று மாற்றிக்கொண்டது. 2008-ல் மான், எலி, வாத்து, மண்புழு, தேனீ, பைன் மரம் என்று பன்னிரண்டு உயிர்களை மாதிரியாக எடுத்துத் தனித்தனி அளவு வகுத்தது. தவளையும் அதில் உண்டு. அதன் உடல் வாங்கும் கதிர்வீச்சு நாளொன்றுக்கு 1 முதல் 10 மில்லி கிரே என்ற வரம்பை எட்டினால் நின்று யோசிக்க வேண்டும். இப்படித் தனி அளவு தேவைப்படுவதற்குக் காரணம் எளிது. பொதுமக்களுக்கான ஆண்டுக்கு 1 மில்லி சீவெர்ட் என்ற உச்சவரம்பு, மனிதர் வசிக்கும் இடத்தையும் குடிக்கும் நீரையும் வைத்துப் போடும் கணக்கு. கழிவுக் குட்டையைச் சுற்றி வேலி போட்டு ஆளை விலக்கிவிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும். வேலிக்கு உள்ளே வாழ்பவை எந்தக் கணக்கிலும் வராது. ஆளில்லாத இடம் என்று நீங்கள் நிம்மதி கொள்ளும் இடத்தில்தான் அவை கூடுதலாக இருக்கும்.

செர்னோபிலில் ஓநாய்கள் பெருகவில்லையா என்று உங்கள் நிபுணர்கள் கேட்கக்கூடும். பெருகியிருக்கின்றன. அந்த நிலத்தின் பெலாரஸ் பகுதியில் அருகிலுள்ள மற்ற காப்பகங்களைவிட ஓநாய்கள் ஏழு மடங்கு என்று 2015-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 1986-ல் அணு உலை விபத்துக்குப் பின் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, வேட்டையும் விவசாயமும் நின்றுபோன நிலம் செர்னோபில். மனிதன் கதிர்வீச்சைவிடக் கொடியவன் என்பதற்கு ஓநாய்கள் பெருகியது சாட்சி. கதிர்வீச்சு தீங்கற்றது என்பதற்கு அல்ல. உலைக்கு அருகே பல நூறு ஹெக்டேர் பைன் காடு சிவந்து செத்ததும் அங்கேதான். தலைகளை எண்ணினால், ஒவ்வொரு உயிரும் நலமாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடாது. மேலும் ஜாதுகுடாவில் மனிதர் யாரும் வெளியேறிவிடவில்லை. அங்குள்ள உயிர்களுக்குச் சுரங்கமும் லாரியும் ஒரு பக்கம், கழிவு மறு பக்கம். செர்னோபில் ஓநாய்க்குக் கிடைத்த சலுகைகூட இல்லை.

ஆகவே ஐயா, அந்த ஓடையின் வண்டலில் ரேடியம் எவ்வளவு, அங்குள்ள மீனும் தவளையும் நாளொன்றுக்கு வாங்கும் கதிர்வீச்சு எவ்வளவு, 2006-க்குப் பின் அது கூடியதா குறைந்ததா? அளந்திருந்தால் ஊரறிய வெளியிடுங்கள். அளக்கவில்லை என்றால், அளக்காமலே 'பாதிப்பில்லை' என்று எழுதும் கலையையாவது எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒருவேளை தவளைகள் உரிய படிவத்தில் விண்ணப்பிக்கவில்லை என்பதுதான் தடையோ? அவற்றுக்கு ஆதார் எண் இல்லை, வாக்கு இல்லை, வழக்காட வக்கீலும் இல்லை. தமக்காகப் பேச வாயில்லாதவற்றுக்கும் சேர்த்துத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுத்து அதிகாரிகளை வைத்திருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு என்றால் அதையும் எழுத்தில் தந்துவிடுங்கள். 75,000 ஆண்டுகளுக்கான கோப்பில் உங்கள் கையெழுத்து முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்