பாதி முடிஞ்ச துப்பாக்கியும் துப்பாக்கிதானா? அமெரிக்க 'கிட்' முதல் பெரம்பலூர் பட்டறை வரை... சட்டம் சொல்வது என்ன?

ஒரு துப்பாக்கியோட சட்டகம் மட்டும் ஒருத்தர் கையில இருக்கு. குழல் இல்லை, விசை இல்லை, குண்டும் இல்லை. சட்டகத்துலயும் இன்னும் சில வேலைகள் பாக்கி. இதை வச்சு யாரையும் சுட முடியாது. அப்போ அது துப்பாக்கியா, வெறும் இரும்புத் துண்டா?

இந்தக் கேள்விக்கு விடை காண அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இந்தியாவில் 1959-லேயே இதற்கான பதிலைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தப் பதில் ஹாபிக்காகத் துப்பாக்கி செய்பவர்களைவிட, பச்சைமலை அடிவாரத்தில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியைப் பரணில் வைத்திருப்பவரையும், அதை ரிப்பேர் செய்து கொடுக்கும் பட்டறைக்காரரையும்தான் அதிகம் பாதிக்கிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் என்ன பிரச்னை?

அமெரிக்காவில் 1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். துப்பாக்கியின் 'பிரேம்', அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் சட்டகமும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

சில நிறுவனங்கள் இதில் ஒரு சந்து கண்டுபிடித்தன. பிரேமை முழுசா முடிக்காமல், சில வேலைகளை மட்டும் பாக்கி வைத்து, மற்ற பாகங்களோடு சேர்த்து ஒரே பெட்டியில் 'கிட்' என்று விற்றார்கள். "இது இன்னும் துப்பாக்கி ஆகலையே" என்பது அவர்கள் வாதம். அதனால் நம்பர் இல்லை, பின்னணி விசாரணை இல்லை, பதிவேடும் இல்லை. வாங்கியவர் வீட்டிலேயே மிச்ச வேலையை முடித்துவிடலாம்.

இப்படி உருவாகும் துப்பாக்கி குற்றச் சம்பவத்தில் சிக்கினால், அதை யார் வாங்கியது என்று போலீஸால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இதற்கு 'பேய்த் துப்பாக்கி' என்ற பெயர் வந்தது. 2017-ல் இப்படிப்பட்ட சுமார் 1,600 துப்பாக்கிகளைத்தான் அமெரிக்க போலீஸார் தடம் காண அனுப்பினார்கள். 2021-ல் அது 19,000-ஐத் தாண்டியது.

இதையடுத்து 2022 ஏப்ரலில் பைடன் அரசு புது விதி கொண்டு வந்தது. எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட், பாதி முடிந்த பிரேம் ஆகியவையும் துப்பாக்கிதான். விற்பவர் நம்பர் போட வேண்டும், பின்னணி விசாரிக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்றது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 26-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிரித்துப் பெட்டியில் அடைத்து விற்கும் மேஜையையும் நாம் மேஜை என்றுதானே சொல்கிறோம் என்ற ரீதியில் விளக்கியிருந்தார் தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா பாதி பிரேமும் துப்பாக்கி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. எளிதில் முடிக்கக்கூடியவைதான் உள்ளே வரும். மேலும், இந்த விதி குறி வைப்பது முக்கியமாக விற்பவர்களைத்தான். தன் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளும் தனிநபர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் கேட்பதில்லை. சில மாகாணங்களில்தான் அதற்கும் தனிச்சட்டம் இருக்கிறது.

சரி, நம்ம ஊர்ல?

இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல், துப்பாக்கி என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு 2-லேயே 'துப்பாக்கியின் பாகங்கள்' என்ற சொல்லும், 'துப்பாக்கி தயாரிக்கும் இயந்திரங்கள்' என்ற சொல்லும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பொம்மைக்கு விலக்கு உண்டு. ஆனால் அது நிஜ ஆயுதமாக மாற்ற முடியாத பொம்மையாக இருக்க வேண்டும். அதாவது, "இன்னும் முழுசா முடியலை" என்ற வாதத்துக்கு இங்கே பெரிதாக இடமில்லை.

அப்போ ஒரு ஸ்க்ரூ வச்சிருந்தாக்கூட குத்தமா? இல்லை. அதே சட்டத்தின் பிரிவு 45 இரண்டு முக்கியமான விலக்குகளைத் தருகிறது.

முதலாவது, சிறு பாகங்கள். ஆனால் அவற்றை மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கக் கூடாது. அந்த மற்ற பாகங்கள் உங்களிடம் இருந்தாலும் சரி, வேறொருவரிடம் இருந்தாலும் சரி. ஒரு கிட்டின் நோக்கமே எல்லாப் பாகத்தையும் சேர்ப்பதுதான் என்பதால், இந்த விலக்கு அதற்குப் பொருந்தாது.

இரண்டாவது, வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதம். இதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடப் பயன்படாது என்ற நிலையில் இருந்தால்தான் விலக்கு. துருப்பிடித்துக் கிடந்தாலும், பட்டறையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்றால் அது துப்பாக்கிதான்.

ஆன்லைனில் கிட் வாங்கினால்?

வெளிநாட்டு இணையதளத்தில் ஆர்டர் போட்டு வரவழைக்கலாமே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே மூன்று பிரிவுகள் ஒரே நேரத்தில் குறுக்கே வரும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்கிறது பிரிவு 3. லைசென்ஸ் இல்லாமல் தயாரிக்கவோ, விற்கவோ, மாற்றியமைக்கவோ, ரிப்பேர் செய்யவோ கூடாது என்கிறது பிரிவு 5. லைசென்ஸ் இல்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது என்கிறது பிரிவு 10. பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதையும் பிரிவு 6 தடுக்கிறது. பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் எடுத்தாலும் கதை மாறாது. என்ன பொருளில் செய்தது என்று சட்டம் பார்ப்பதில்லை. தோட்டாவோ குண்டோ பாயும் வகையில் வடிவமைக்கப்பட்டதா என்றுதான் பார்க்கிறது.

அதனால், 'ஹாபிக்காகச் செய்தேன், இப்போ பதிவு பண்ணிக்கிறேன்' என்பதற்கு இந்தியாவில் வழியே கிடையாது. இங்கே லைசென்ஸ்தான் முதலில், துப்பாக்கி அதன் பிறகுதான். தயாரித்தவர் பெயரோ, எண்ணோ, வேறு அடையாளக் குறியோ இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் பிரிவு 8 தடை செய்கிறது. ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை என்பது அமெரிக்க நிலை. நம் அரசியலமைப்பில் அப்படி ஒரு உரிமை இல்லை என்பதை, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பற்றிய விவகாரத்தைத் தாமாக முன்வந்து எடுத்துக்கொண்டபோது 2023-ல் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

பெரம்பலூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் யாரும் பிஸ்டல் கிட் வாங்குவதாகப் பேச்சில்லை. இங்கே உள்ளது வேறு பொருள்: குழல் முனை வழியாகக் கருமருந்தும் ரவையும் போட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. இதுவும் பாகம் பாகமாகச் சேர்க்கப்படுவதுதான். இதற்கும் பெரும்பாலும் கம்பெனி பெயரோ நம்பரோ இருக்காது. அந்த வகையில் இதுவும் ஒரு 'பேய்த் துப்பாக்கி'தான். பெயர் வைப்பதற்கு ரொம்ப காலம் முன்பே நம்ம ஊரில் இருந்தது, அவ்வளவுதான்.

இது ஏன் இன்னும் இருக்கிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூரில் காட்டுப்பன்றி, மயில் தொல்லை பற்றி விவசாயிகள் தொடர்ந்து முறையிடுகிறார்கள். பச்சைமலையை ஒட்டிய வேப்பந்தட்டை பகுதியில் இது இன்னும் அதிகம். இன்னொரு பக்கம், எறையூர், மலையப்ப நகர் போன்ற இடங்களில் நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. வேட்டையே தொழிலாக இருந்த சமூகம் இது. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தத் தொழிலுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது. மணி, பாசி விற்பனைக்கும் விவசாயத்துக்கும் மாறினார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே 2022 டிசம்பரில்தான்.

அதற்காக இந்தத் துப்பாக்கிகளால் ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்து போன்ற பறவைகள் இமயமலையைத் தாண்டி அங்கே வருகின்றன. நம்பர் இல்லாத ஒரு துப்பாக்கி வெடித்தால், செத்தது பறவையாக இருந்தாலும் மனிதராக இருந்தாலும், சுட்டது யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கைத்தயாரிப்புக் குழல் வெடித்துச் சுடுபவரையே காயப்படுத்தும் ஆபத்தும் உண்டு.

தண்டனை எவ்வளவு?

இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால் 1 முதல் 3 ஆண்டு என்று இருந்த சிறைத் தண்டனை, 2 முதல் 5 ஆண்டாக உயர்ந்தது. தயாரிப்பு, விற்பனை, ரிப்பேருக்கு 3 முதல் 7 ஆண்டு என்று இருந்தது, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று மாறியது.

யோசித்துப் பாருங்க. ஊரில் ஏர்க்கலப்பைக்குக் கொழு அடித்துக் கொடுக்கும் ஒரு பட்டறைக்காரர், தெரிந்தவர் கேட்டார் என்பதற்காகத் துப்பாக்கி விசையைச் சரிசெய்து கொடுக்கிறார். சட்டப்படி, துப்பாக்கிக்குச் சொந்தக்காரரைவிட இவர்தான் பெரிய குற்றவாளி. கள்ளத் துப்பாக்கி தொழிற்சாலை நடத்தும் கும்பலும் இவரும் ஒரே பிரிவில் நிற்பார்கள்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. வைத்திருந்தார் என்ற பிரிவு 3 குற்றத்துக்கு வழக்கு நடத்த, மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது பிரிவு 39. வழக்கு தேவையா என்று யோசிக்க அங்கே ஒரு வாசல் உண்டு. தயாரிப்பு, ரிப்பேர் குற்றத்துக்கு அந்த வாசல் இல்லை.

சட்டப்படி வாங்கவே முடியாதா?

முடியும். பிரிவு 13-ல் ஒரு அம்சம் இருக்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக ஒரு குடிமகன் குழல்முனை வழியாக மருந்திடும் துப்பாக்கிக்கு விண்ணப்பித்தால், லைசென்ஸ் தர வேண்டும் என்றே அது பேசுகிறது. பொதுப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மேல்முறையீடும் உண்டு. லைசென்ஸ் கிடைத்தால் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண்ணோடு அது பதிவாகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டு செல்லும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. துப்பாக்கி லைசென்ஸ் என்பது சுடுவதற்கான லைசென்ஸ் அல்ல. மயில் தேசியப் பறவை. அதைக் கொல்வது பெருங்குற்றம். காட்டுப்பன்றி விஷயத்திலும், 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றைத்தான் சுட முடியும். அதையும் வனத்துறைதான் செய்யும், விவசாயி அல்ல. அதனால், 'பயிரைக் காக்கத் துப்பாக்கி' என்ற லைசென்ஸின் பயன், சத்தம் போட்டு விரட்டுவதோடு நின்றுவிடுகிறது. அதற்காக கலெக்டர் ஆபீஸுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் யார் அலைவார்கள்? சட்டத்தில் வழி இருந்தும் பதிவு நடக்காமல் போக இந்த முரண்பாடும் ஒரு காரணம்.

கையில் இருந்தால் என்ன செய்வது?

முதலில், லைசென்ஸ் இருந்து காலாவதியானாலோ, லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டாலோ, துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க பிரிவு 21 வழி செய்கிறது. தேர்தல் நேரத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் நடைமுறை பலருக்கும் தெரிந்ததுதான்.

லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் நிலைமை சிக்கல். தமிழகத்தின் மலை மாவட்டங்களில் போலீஸார் அவ்வப்போது கெடு அறிவித்து, "தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று ஊர்ப் பெரியவர்கள் மூலம் சொல்வதுண்டு. ஆனால் அது அதிகாரிகள் தரும் வாக்குறுதிதான். சட்டத்தில் எழுதிய உரிமை அல்ல. அறிவிப்பு இல்லாத நாளில் துப்பாக்கியோடு நேராக ஸ்டேஷனுக்குப் போவதைவிட, வழக்கறிஞர் மூலம் முதலில் பேசிவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு.

இதில் ஒரு பாரபட்சமும் இருக்கிறது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தபோது, மூன்றாவதை ஒப்படைக்க ஓராண்டு அவகாசத்தைச் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தது. மூன்று துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவருக்கு அவகாசம் கிடைத்தது. பரணில் ஒன்றை வைத்திருக்கும் மலையடிவார விவசாயிக்கு அதே திருத்தம் தந்தது கூடுதல் தண்டனை மட்டும்தான்.

அமெரிக்காவில் விதி வந்தது விற்பவர் மீது. இங்கே சுமை விழுவது கடைசியில் வைத்திருப்பவர் மீதும், ரிப்பேர் செய்பவர் மீதும். 'பாகமும் துப்பாக்கிதான்' என்ற நம் சட்டம் கறாரானது, அது சரியும்கூட. ஆனால் நம்பர் இல்லாத துப்பாக்கிகள் வெளியே வர வேண்டுமென்றால் தண்டனை மட்டும் போதாது. வழக்கு பயமில்லாமல் ஒப்படைக்க ஒரு நிரந்தர வழி சட்டத்திலேயே வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு சீக்கிரம் வர வேண்டும். அதுவரை அவை பரணில்தான் இருக்கும். எத்தனை இருக்கிறது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.