பெட்டிக்குள் இருக்கும் ஆமைக்கு வெயில் வேண்டும்



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை வேறு எதையும் எழுத விடவில்லை. தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் வளரும் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது. புத்தளம் பக்கம் லொறியில் போன மாமா ஒரு ஆமையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரங்கள். கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியில் இருக்கிறது. மழை பிடித்ததிலிருந்து அது எதையும் தொடுவதில்லை, வெளிக்கும் போகவில்லை. பாணும் சோறும் வைத்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. "அப்பாயி விளக்கெண்ணெய் ஊத்தச் சொல்லுறாங்க, ஊத்தலாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

வேண்டாம், தங்கச்சி. விளக்கெண்ணெய் வேண்டாம், குழந்தைக்கு வைப்பதுபோல் சவர்க்காரத் துண்டும் வேண்டாம். வாயைப் பிளந்து எதையும் ஊற்றாதே. ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆமையால் நம்மைப்போல் இருமி வெளியே தள்ள முடியாது. நெஞ்சில் சளி கட்டிச் சாகும். இந்தப் பதிலை அவளுக்குத் தபாலில் உடனே அனுப்பிவிட்டோம். ஆனால் கட்டிலுக்கடியில் ஆமை வைத்திருக்கும் வீடு அது ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே மிச்சத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அவள் சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் அது நட்சத்திர ஆமை. புத்தளம், மன்னார், அம்பாந்தோட்டை போன்ற காய்ந்த மண்ணில், முட்புதர்களுக்கிடையில் வாழப் பிறந்த உயிர். உலர்வலயம் என்று நாம் சொல்வது ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்தை. தெரணியகலையிலோ 3000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் துணி காயாது, சுவர் வியர்க்கும், சீமெந்துத் தரை பகலிலும் சில்லென்றிருக்கும். அந்தத் தரையில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இந்த உயிர்.

நமக்கு உடம்புச் சூடு உள்ளேயிருந்து வருகிறது. ஆமைக்கு வெயிலிலிருந்துதான் வரவேண்டும். அது தின்னும் புல்லையும் இலையையும் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துத்தான் செரிமானம் நடக்கிறது. ஏறக்குறைய 28 முதல் 32 பாகை செல்சியஸ் வரை சூடு இருந்தால் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். குளிர்ந்தால் குடல் அசைவது குறையும், உள்ளே கிடக்கும் தீனி நகராமல் காயும், பசி அடங்கும். பசி போனதும் மலம் நின்றதும் இரண்டு நோய் போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: சூடும் தண்ணீரும் போதவில்லை. அதனால்தான் சாப்பாட்டை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதில் பயன் இருப்பதில்லை. முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் தீனி.

சூட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். காலை வெயில் விழுந்த நாளில் முற்றத்தில் விடலாம். பாதி இடம் நிழலாக இருக்க வேண்டும், சுட்டால் அது தானே ஒதுங்கிக்கொள்ளும். நாயும் காகமும் குரங்கும் வரும், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்த வெயில் உதவாது. ஓட்டுக்கும் எலும்புக்கும் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மழை விடாத நாளில் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துவாயால் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். மறு மூலை சூடில்லாமல் இருக்கட்டும். தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் பலகையோ மடித்த சாக்கோ போடுங்கள். அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு; அந்தப் புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது.

இனிக் குளியல். ஆமைக்கு மலச்சிக்கல் என்றால் உலகெங்கும் கால்நடை வைத்தியர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அதற்கென்றே ஒரு பழைய பேசின் ஒதுக்குங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் தண்ணீர் இருக்கட்டும். மேல் ஓடும் அடி ஓடும் சேருகிற விளிம்பளவுக்குத்தான் ஊற்ற வேண்டும். தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது. பதினைந்து இருபது நிமிடம் அப்படியே இருக்கட்டும். முதலில் கல்லுப்போலக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் கழுத்து நீளும். மூக்கைத் தண்ணீரில் அமிழ்த்தும், தொண்டைத் தோல் மேலும் கீழும் அசையும். குடிக்கிறது என்று அர்த்தம். பிறகு பின்னங்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கும், வால் நீளும். வெள்ளையாகப் பசைபோல ஒன்று வந்தால் பயப்படாதீர்கள், அது சிறுநீரின் திடப்பகுதி. குழம்பாக இருந்தால் நல்லது. சுண்ணாம்புத் தூள்போல் நறநறவென்று இருந்தால் உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, குளியலை நாள்தோறும் தொடர வேண்டும். பல நாள் நின்றுபோன மலமும் பெரும்பாலும் இந்தப் பேசினில்தான் வரும். நம் பக்கத்துக் குளிரில் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும். ஓரமாகக் கொஞ்சம் சுடுதண்ணீர் சேர்த்துக்கொண்டே இருங்கள். எடுத்ததும் துடைத்துச் சூடான மூலையில் விடுங்கள். ஈரத்தோடு குளிரில் விட்டால் செய்ததெல்லாம் வீண்.

அந்தத் தண்ணீரைச் சமையல் பக்கம் ஊற்றக் கூடாது. நோயில்லாத ஆமையின் குடலிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் சின்ன ஆமைகளை வாயில் வைத்து விளையாடிய குழந்தைகள் நோய்ப்பட்டதால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதை 1975இல் தடை செய்தார்கள். ஆமையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் தங்கச்சியும் சரி, வீட்டுக் குழந்தைகளும் சரி, சோற்றில் கை வைக்கக் கூடாது.

தீனிக்கு வருவோம். பாண், சோறு, பிஸ்கட், பால் நான்கையும் இன்றே நிறுத்த வேண்டும். ஊர்வனவற்றால் பாலைச் செரிக்க முடியாது. மாவுச்சத்தோ நொதிக்கும் குடலில் போய் வாயுவாகி வயிற்றை ஊதவைக்கும். அதற்கு வேண்டியது நார். அறுகம்புல், இளசான கினிப்புல், செவ்வரத்தம் இலையும் பூவும், பூசணி இலை, வல்லாரை எல்லாம் வாசலிலேயே கிடைக்கும். ஆனால் தேயிலை மலையில் களைக்கு மருந்தடித்த இடத்திலிருந்து ஒரு புல்லும் பிடுங்க வேண்டாம். மலச்சிக்கல் உள்ளபோது துருவிய பூசணியும் தோலோடு சீவிய வெள்ளரியும் நல்ல துணை. பழுத்த பப்பாசி விரல்நுனி அளவு போதும். இனிப்பு அதிகமானால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் கெடும். ஆமைக்கு நிறம் நன்றாகத் தெரியும், சிவப்பையும் மஞ்சளையும் தேடிப்போகும். பசியில்லாத ஆமைக்கு முன்னால் குளியல் முடிந்த சூட்டோடு ஒரு செவ்வரத்தம்பூவை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தின்னாது. வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கணவாய் ஓட்டையோ முட்டைக் கோதையோ இடித்துத் தூளாக்கி இலைமேல் தூவினால் சுண்ணாம்புச்சத்து சேரும். அது குறைந்தால் ஓடு மெலிவதோடு குடலின் தசையும் தளர்ந்துபோகும்.

ஆமைக்குச் சாப்பாடு என்ன பெரிய விசயம் என்று நினைப்பவர்களுக்கு ஜொனதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்திலாந்திக் சமுத்திரத்தில் சென் ஹெலெனாத் தீவிலுள்ள பெரிய ஆமை அது. 1832 வாக்கில் பிறந்ததாகக் கணிக்கிறார்கள். 1882இல் சீஷெல்ஸ் தீவுகளிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டது. வயதாகிக் கண்பார்வை போய், மோப்பமும் மங்கியபோது அதனால் நல்ல புல்லைத் தேடித் தின்ன முடியவில்லை. அலகு மொட்டையாகி உதிர ஆரம்பித்தது. தீவின் கால்நடை வைத்தியர் ஜோ ஹொலின்ஸ் வாரம் ஒரு தடவை பழமும் காய்கறியும் கையால் ஊட்டத் தொடங்கினார். அலகு மறுபடி கூராகி, ஆமை தேறி வந்தது. 2022இல் அதன் 190ஆவது பிறந்தநாளைத் தீவே கொண்டாடியது. மெலிந்துபோன ஆமை நல்ல தீனியால் திரும்பி வரும். அவசரம் மட்டும் ஆகாது. நாம் ஒருநாள் பட்டினி கிடப்பதும் வளர்ந்த ஆமை சில நாள் தின்னாமல் இருப்பதும் ஒன்றல்ல. குஞ்சு என்றால் அந்த அவகாசம் கிடையாது.

எல்லா ஆமைக்கும் இதே வைத்தியம் பொருந்தாது; முதலில் அது எந்த இனம் என்று பார்க்க வேண்டும். தெரணியகலைப் பெயரைத் தம் பெயரில் தாங்கிய பீ. ஈ. பீ. தெரணியகல, கொழும்பு அரும்பொருட்சாலையின் பணிப்பாளராக இருந்தவர், இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றி 1939இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். நம் ஆமைகளை இனம் பிரித்துப் பார்க்க வழிகாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். தோட்டத்துப் பிள்ளைகள் ஓடையிலும் சீதாவக்க கங்கைக் கரையிலும் காண்பது நட்சத்திர ஆமையை அல்ல. கறுத்த ஓட்டில் மூன்று வரம்பு ஓடுகிற கறுப்பு ஆமை, அல்லது தோல்போன்ற மெத்தென்ற ஓடும் பின்னங்காலை மூடிக்கொள்ளும் மடிப்பும் உள்ள பாலாமை. கடையில் வாங்கியதென்றால் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள அமெரிக்க ஆமையாக இருக்கும். கால்விரல்களுக்கிடையில் சவ்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தண்ணீர் ஆமை. பாலாமையும் சிவப்புக் கோட்டு ஆமையும் தண்ணீருக்குள் இருந்தால்தான் தீனியை விழுங்கும். காய்ந்த பெட்டியில் வைத்து, "ஒண்ணுமே தின்னமாட்டேங்குது" என்று வருந்துகிறவர்கள் முதலில் அதைத் தண்ணீரில் விட்டுத் தீனி போட்டுப் பார்க்க வேண்டும். ஓடையில் பிடித்ததைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பேச்சுக்குப் பயந்து அதை அடித்துத் துரத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அமெரிக்க ஆமையை மட்டும் ஆற்றில் விடாதீர்கள். நம் ஆமைகளின் தீனியையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

சூடும் குளியலும் கொடுத்து ஒரு வாரமாகியும் மாற்றம் இல்லையென்றால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். முக்கி முக்கி ஒன்றும் வராமல் இருப்பது, வாலடியில் சிவந்த சதை வெளியே தள்ளி நிற்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூக்கில் குமிழி விடுவது, கண் வீங்கி ஒட்டிக்கொள்வது, பின்னங்கால் இழுபடுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த ஒரு வாரமும் காத்திருக்கக் கூடாது. உள்ளே முட்டை தங்கியிருக்கலாம், சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம், மணலை விழுங்கியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். அரச கால்நடை வைத்தியரிடம் மாட்டையும் ஆட்டையும் போலவே ஆமையையும் கொண்டுபோகலாம். மேலும் பார்க்க வேண்டியிருந்தால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலை இருக்கிறது. ஒன்றை மட்டும் யாரும் மறக்க வேண்டாம். மாட்டுக்கும் நாய்க்கும் பூச்சிக்குப் போடுகிற ஐவர்மெக்டின் மருந்து ஆமையைக் கொன்றுவிடும். வீட்டில் மிச்சமிருக்கிறதே என்று ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவது தங்கச்சிக்கு வருத்தமாக இருக்கும். நட்சத்திர ஆமை தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் உயிர். அனுமதியில்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். செல்லப்பிராணிச் சந்தைக்காக இந்த ஆமைகளைப் பெட்டி பெட்டியாகக் கடத்துகிறார்கள். 2019இல் உலக நாடுகள் கூடி, காட்டில் பிடித்த நட்சத்திர ஆமைகளின் சர்வதேச வியாபாரத்தைத் தடுத்தன. மாமா அன்பில் கொண்டுவந்தார், அவரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் மழைக்காட்டு ஓரத்தில் அதைக் கொண்டுபோய் விட்டாலும் அது பிழைக்காது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குப் பெரியவர்களைப் பேசச் சொல், தங்கச்சி. அவர்கள் அதைக் கொண்டுபோகும்வரை குளியலும் வெயிலும் உன் பொறுப்பு. பெட்டியில் காற்றுப் போகத் துளையிட்டு, காய்ந்த துவாய் விரித்து வை. அவிசாவளைப் பஸ்ஸில் கொண்டுபோக நேர்ந்தால் பெட்டியை மடியில் வைத்துக்கொள், மேலே சாமான் தட்டில் ஏற்றாதே.

அடுத்த கடிதத்தில் மூன்று விசயம் எழுது: கடைத் தராசில் வைத்தால் எத்தனை கிராம், பேசினில் வந்தது என்ன நிறம், செவ்வரத்தம்பூவைக் கடித்ததா இல்லையா. மற்ற வாசகர்களும் தங்கள் வீட்டு ஆமையின் கால்விரலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்