ஃபீல்டு விசிட்டை ஐப்பசியில் வையுங்க

ஈ.வி.எஸ். ஃபீல்டு ரிப்போர்ட் எப்படித் தயாராகிறது என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீனியரிடமிருந்து ஒரு பி.டி.எஃப். வரும். பெயர், ரோல் நம்பர், தேதி மட்டும் மாறும். ‘கண்ட மரங்கள்: வேம்பு, ஆல், அரசு, புங்கம். கண்ட பறவைகள்: காகம், மைனா, புறா. முடிவு: இயற்கையைப் பாதுகாப்பது நம் கடமை.’ ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டால் கதை முடிந்தது. அந்த வேப்பமரம் மட்டும் பேட்ச் பேட்ச்சாக அதே 12 மீட்டர் உயரத்திலேயே நிற்கிறது, வளரவே மாட்டேங்குது.

இந்தப் பேப்பர் சும்மா வந்ததில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதைத் தொடர்ந்து எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் யு.ஜி.சி. ஒரு ஆறு மாதப் பாடத்திட்டம் போட்டது. அதில் 8 யூனிட். எட்டாவது யூனிட் முழுக்கக் களப்பணி. பக்கத்தில் இருக்கும் ஆறு, காடு, புல்வெளி, மலை எதற்காவது போய், அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் செடி, பூச்சி, பறவைகளைப் பார்த்து எழுத வேண்டும். 100 மதிப்பெண்ணில் 25 இதற்கு. ஆக, கோர்ட்டும் யு.ஜி.சி.யும் நம்மை வெளியே போகத்தான் சொல்லியிருக்காங்க. ரூமில் உட்கார்ந்து பி.டி.எஃப். மாற்றுவது நம்ம கண்டுபிடிப்பு.

சில கல்லூரிகளில் உண்மையிலேயே கூட்டிக்கொண்டு போகிறார்கள். எப்போது? சிம்போசியம் எல்லாம் முடிந்து, பிப்ரவரி கடைசியில். பஸ், ஒரு அணை, புளியோதரை, குரூப் போட்டோ. ஐப்பசி, கார்த்திகையில் ஏன் போகக்கூடாது என்று கேட்டால் மழை, சேறு, மாடல் எக்ஸாம் என்று வரிசையாகக் காரணம் வரும். என்னைக் கேட்டால், காட்டைப் பார்க்க வருஷத்தில் ஒரே ஒரு நேரம்தான் கொடுப்பேன் என்று யாராவது சொன்னால், தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு பழைய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஸ்கூல் புத்தகத்தில் நான்கு பருவம் படித்தோம்: வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். மாசச்சூசெட்ஸில் அது சரி. அங்கே பகல் குறையும், குளிர் ஏறும். மரம் இலையில் உள்ள பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரஜன் போன்ற சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரியும், சிவப்பு புதிதாக உண்டாகும், பிறகு காம்பு அறுந்து விழும். நம்ம ஊரில் அதே அக்டோபர், நவம்பரில் காடு பச்சைப் பசேல் என்று நிற்கிறது. இங்கே இலை உதிர்வது பெரும்பாலும் தை, மாசி, பங்குனியில். காரணமும் வேறு. மண்ணில் தண்ணீர் தீர்கிறது, இலை இருந்தால் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதனால் மரம் இலையைக் கழற்றிவிடுகிறது. ஈ.ஈ.ஈ. நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சப்ளை இல்லாததால் லோட் ஷெட்டிங். உதியமரம் பிப்ரவரி, மார்ச்சில் மொட்டைக் கிளையில் பூக்கும். வேம்பு மாசி வாக்கில் இலை கொட்டித் துளிர்த்துப் பூக்கிறது. சித்திரை ஒண்ணாம் தேதி வேப்பம்பூப் பச்சடி சாப்பிடுகிற எல்லாரும் அந்தக் கணக்கைத் தெரியாமலேயே வைத்திருக்கிறார்கள்.

தமிழில் பருவம் நான்கு இல்லை, ஆறு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அந்தச் சொல்லில் குளிரும் வாடையும்தான் இருக்கிறது, உதிரும் இலை இல்லை. இதை ‘நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள்’ என்கிற வாட்ஸ்அப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கையில் இருப்பது தப்பான காலண்டர் என்றால், தப்பான மாதத்தில் போய்க் காட்டைப் பார்த்துவிட்டு ‘ஒண்ணுமில்லையே’ என்று திரும்பி வருவோம். அவ்வளவுதான் விஷயம்.

சரி, ஐப்பசியில் அப்படி என்ன இருக்கு? தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. களா, காரை, விடத்தேரை என்று முள்ளும் புதருமாக இருக்கும் கடற்கரைச் சமவெளிக் காடுகளில், அந்த மழைக்கு முன் தரை வெறும் மண். இரண்டு நல்ல மழைக்குப் பிறகு அதே தரையில் கால் வைக்க இடம் தேட வேண்டும். விதைகள் முளைத்திருக்கும், கிழங்குகள் குருத்து விட்டிருக்கும். மாலையில் ஈசல் கிளம்பும். மறுநாள் காலையில் சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்ட மாதிரி தம்பலப்பூச்சி ஊர்ந்து போகும்.

செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்க. நம்ம மாநில மலர், ஆனால் நம்மில் பாதிப் பேர் அதைப் பொது அறிவுப் புத்தகத்தில்தான் பார்த்திருப்போம். வறண்ட மாதங்களில் மண்ணுக்கு மேல் அது இல்லவே இல்லை. கலப்பை மாதிரி வளைந்த கிழங்காக (பேரே கலப்பைக் கிழங்கு) உள்ளே கிடக்கும். மழை விழுந்ததும் எழும்பி, பக்கத்து வேலியைப் பிடித்து ஏறும். ஏறுவதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனியே சுருண்டு கொக்கியாகிவிடும். மெக்கானிக்கல் காரங்க அந்த நுனியை ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாம், தப்பில்லை. பூ பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி நாளாக ஆகச் சிவப்பாகும். இதழ்கள் பின்னால் மடியும், சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கிக் கிடைமட்டமாக நீளும். ஒரே செடியை நாலு நாள் தொடர்ந்து பார்த்தால்தான் இந்த நிறமாற்றம் தெரியும். பறிக்காதீங்க. கிழங்கிலிருந்து விதை வரை கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, உயிரையே எடுக்கக்கூடியது.

மேலே பார்த்தாலும் வேலை இருக்கும். கிழக்கே சமவெளிகளிலிருந்தும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் ப்ளூ டைகர், காமன் க்ரோ வகைப் பட்டாம்பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிக் கூட்டம் கூட்டமாக நகர்வது இந்த மாதங்களில்தான். வழியில் கிலுகிலுப்பைச் செடியில் மொய்த்துக் கிடக்கும். தேனுக்காக இல்லை, அதிலிருக்கும் ஆல்கலாய்டுக்காக. வடக்கிலிருந்து ஆறுமணிக் குருவியும் வந்து சேர்ந்திருக்கும். விடியற்காலையிலும் அந்தி ஆறு மணி வாக்கிலும் அது கூப்பிடுவதைக் கேட்டுவிட்டால் பெயர்க்காரணம் தனியாகச் சொல்ல வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்கு 2.7 சதுர கிலோமீட்டர் கிண்டி தேசியப் பூங்கா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ஹாஸ்டலுக்குப் பின்னால் புல்டோசர் இன்னும் தொடாத மூலையைப் பார்த்தாலே போதும்.

‘இதுக்கெல்லாம் எதுக்குப்பா நடக்கணும், சாட்டிலைட் டேட்டா இருக்கே, என்.டி.வி.ஐ. போட்டா வந்துடும்’ என்று ஒரு நண்பன் நிச்சயம் சொல்வான். நியாயமான கேள்விதான். சென்டினல்-2 படங்கள் இலவசம், ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஐந்து நாளைக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்க்கிறது. ஆனால் ஐப்பசியில் நம் வானம் முழுக்க மேகம். ஆப்டிகல் கேமரா மேகத்தைத்தான் படம் எடுக்கும். எப்போது மாற்றம் அதிகமோ அப்போதுதான் அதற்குக் கண் தெரியாது. மேகம் விலகினாலும் அது பார்ப்பது மர உச்சியை. இந்த மாதத்தின் கதை முழங்காலுக்குக் கீழே நடக்கிறது. அந்த ஒரு பிக்சலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் ரப்பர் செருப்போடாவது நிற்க வேண்டும்.

இதெல்லாம் பாட்டனி காரங்க வேலை என்று நினைத்தால், இன்னும் சில வருஷத்தில் உங்க மேஜைக்கு வரப்போகும் ஒரு ஃபைலை நினைத்துப் பாருங்க. சாலை, குவாரி, தொழிற்பேட்டை எதற்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஒரு ரிப்போர்ட் வேண்டும். அதில் ‘இந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது’ என்ற அடிப்படைத் தரவு ஒரு அத்தியாயம். பல திட்டங்களுக்கு, மழைக்காலம் தவிர்த்த ஏதோ ஒரு பருவத்தின் தரவு போதும் என்பது நம் நாட்டில் நெடுநாள் நடைமுறை. காற்று மாசை அளக்க அது சரியான ஏற்பாடாக இருக்கலாம். மழையில் மட்டும் மண்ணுக்கு மேல் வரும் செடிகளுக்கு? ஏப்ரலில் போய்ப் பார்க்கிறவருக்குச் செங்காந்தளும் தெரியாது, முளைத்துக் கருகிய மற்றதும் தெரியாது. ‘முட்புதர் நிறைந்த தரிசு நிலம்’ என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஏப்ரலில் அது அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துத்தான் அங்கே ஜே.சி.பி. இறங்கும். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர்களும் அதை நம்பி டிசைன் செய்பவர்களும் நம் கிளாஸில் இருந்துதான் போகப்போகிறார்கள். அதனால்தான் பிப்ரவரி பஸ் பயணத்தை வெறும் ஜாலி டூர் என்று விட்டுவிட மனசு வரவில்லை. ‘இங்கே ஒண்ணும் இல்லை’ என்று நம்பும் பழக்கத்துக்கு அது முதல் பயிற்சி.

இன்னொரு விஷயம், ஒரு தடவை போய்வந்தால் அது சுற்றுலாதான். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு 1988இல் ஒரு கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர், அதாவது 50 ஹெக்டேர் காட்டை அளந்து, 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் புதருக்கும் எண் கட்டியது. எது செத்தது, எது புதிதாக வந்தது என்று வருஷா வருஷம் பார்க்கிறார்கள். சுற்றளவை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள். நாம் பிறப்பதற்கு முன் தொடங்கிய ரீடிங் இன்னும் ஓடுகிறது. ‘வால்டன்’ எழுதிய தோரோவை எழுத்தாளராகத்தான் தெரியும், ஆனால் அவர் நிலம் அளக்கும் சர்வேயர், அப்பாவின் பென்சில் கம்பெனியில் கிராஃபைட்டை மேம்படுத்தியவர், ஒரு வகையில் நம்ம ஆளு. 1850களில் தன் ஊரான கான்கார்டில் எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது என்று குறித்துவைத்தார். சுமார் 150 வருஷம் கழித்து ரிச்சர்ட் பிரைமாக் குழு அதே ஊரில் பார்த்தபோது, செடிகள் சராசரியாக ஒரு வாரம் முன்பே பூப்பது தெரிந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்த ஒப்பீடே நடந்திருக்காது. இங்கேயும் சீசன்வாட்ச் என்று 2010இலிருந்து ஒரு மக்கள் அறிவியல் திட்டம் நடக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை இலை, பூ, காய் நிலையைப் பதிய வேண்டும். அதில் பெரும்பகுதி பதிவு பக்கத்துக் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் போட்டது. நமக்குக் கொஞ்சம் உறைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? நான்கு ஆணி, 40 மீட்டர் நைலான் கயிறு, ஒரு இஞ்ச் டேப், மழையில் நனையாத ஒரு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மை கரையும். கேம்பஸ் மூலையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் கட்டுங்க, சாட்டிலைட்டின் ஒரு பிக்சல் அளவு. உள்ளே இருக்கும் மரங்களைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுங்க, 3.14ஆல் வகுத்தால் விட்டம். ரெண்டு பேர் தனித்தனியாக அளங்க. டேப் சாய்ந்தால் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால், லேபில் பிழைப் பகுப்பாய்வு எதற்கு என்று முதல் தடவையாகப் புரியும். தரையில் இருப்பதை வாரம் ஒருமுறை எண்ணுங்க. பெயர் தெரியாத செடிக்கு ‘அ’, ‘ஆ’ என்று பெயர் வைத்துப் போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்டில் போடுங்க. ஆப் சொல்வதை அப்படியே நம்பாமல் பாட்டனி சாரிடமோ, கே.எம். மேத்யூ எழுதிய தமிழ்நாடு கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுதியிலோ சரிபார்க்கலாம். மாடு மேய்க்கும் தாத்தாவிடம் கேட்பது இன்னும் வேகமான வழி. பாதிப் பெயர்கள் அவரிடமே கிடைக்கும்.

காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீங்க, அது குற்றம். இடி மின்னல் இருந்தால் அன்றைக்கு லீவு. கணுக்காலை மூடிய ஷூ, கையில் ஒரு கம்பு, கால் வைக்குமுன் பார்வை. சுருட்டை விரியன் சின்னதாகத்தான் இருக்கும். புதரில் உட்கார்ந்து வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், ‘புதர்க்காட்டுக்குப் போனேன்’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. ஸ்க்ரப் டைஃபஸ் பரப்பும் நுண்ணிய பூச்சிகளுக்கும் இது சீசன். உடம்பில் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்க. நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

வகுப்புப் பிரதிநிதிகள் கவனத்துக்கு: துறைத் தலைவரிடம் போகும்போது ‘டூர்’ என்று சொல்லாமல், எட்டாவது யூனிட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்க. கேட்பது சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஆறு வாரம், பஸ் செலவு இல்லை. ஏப்ரலில் அதே சதுரத்தில் இன்னொரு தடவை எண்ணிவிட்டு, நோட்டையும் நான்கு ஆணிகளின் ஜி.பி.எஸ். புள்ளிகளையும் அடுத்த பேட்ச் கையில் கொடுத்துடுங்க.